கருவியின்றிப் பாடப் பத்து ஜப்பானியப் பாடல்கள்: ஒரு தொகுப்பின் மதிப்புரை

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வாரம் இரண்டு மாலை கூடிப் பாடுகிற நாங்கள் ஆறு பேர், சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானிலிருந்து ஒரு பாடல் தொகுப்பைத் தபாலில் வரவழைத்தோம். அந்த நாட்டில் எல்லோரும் அறிந்த பத்துப் பாடல்களை, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஆறு குரல்கள் மட்டும் பாடும்படி பிரித்து எழுதிய இசைக்குறிப்புப் புத்தகம் அது. ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேட்டுப் பழகுவதற்கான ஒலிப்பதிவுகளும் அதனுடன் உண்டு. நகலெடுத்துப் பாடுவது முறையல்ல என்பதால் ஆளுக்கொரு பிரதி வாங்கினோம். தபால் செலவையும் சேர்த்துப் பிரதி ஒன்றுக்கு ஏறத்தாழ 2,400 ரூபாய் ஆயிற்று. ஒன்பது மாதங்கள் அந்தப் புத்தகத்தோடு பழகிவிட்டோம். அதிலிருந்து 5 பாடல்களை ஜனவரியில் வேலூரில் ஒரு பள்ளி அரங்கில் மேடையேற்றியும் விட்டோம். எங்களைப் போல இந்தப் பாடல்களைப் பாட ஆசைப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் நிச்சயம் இருப்பார்கள்; அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

யார் சொல்வது என்பது தெரிந்தால்தான் சொல்வதை எடைபோட முடியும். எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் ஆலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். நான் இருபது ஆண்டுகளாக ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள். கீர்த்தனைகளை ஒரே குரலாகவும், பாமாலை என்ற துதிப்பாடல்களை சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ, டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) என்று நான்கு குரலாகவும் பாடுவது இந்த ஊர் ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஆகவே பக்கத்தில் நிற்பவர் வேறு சுரம் பாடும்போது நம் சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது. ஐந்தாமவர் கர்நாடக இசை கற்ற கல்லூரி மாணவி. ஆறாமவர் மிருதங்கம் பயிலும் தம்பி. ஜப்பானிய மொழி எங்களில் மாணவிக்கு மட்டும் ஓரளவு தெரியும்.

இப்படிக் கருவியில்லாமல் குரலால் மட்டும் பாடுவதைக் குறிக்கும் அகாப்பெல்லா என்ற இத்தாலியச் சொல்லுக்கே சிற்றாலய முறையில் பாடுவது என்றுதான் பொருள். ஆனால் ஜப்பானில் அது ஆலயத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. தட்சுரோ யமஷிதா 1980-இல் எல்லாக் குரல்களையும் தாமே பாடி அடுக்கி ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார்; வாசெதா பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் 1991-இல் உருவான கோஸ்பெல்லர்ஸ் என்ற ஐவர் குழு நாடறிந்த குழுவாக வளர்ந்தது; 2000-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிப் போட்டிகள் இந்தப் பாணியைப் பள்ளிப் பிள்ளைகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இசைவைக் குறிக்கும் ஹார்மனி என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியை எடுத்து, ‘ஹமோரு’ என்று ஒரு வினைச்சொல்லையே அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் நடுவிலிருந்து வந்த புத்தகம் என்பது இதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது: ஒருவர் மெட்டைப் பாட, மூவர் அதைத் தாங்க, ஒருவர் பேஸ் பிடிக்க, ஒருவர் வாயாலேயே தாளம் கொட்டுகிறார். அந்த வாய்த்தாளத்தை அவர்கள் ‘பொய்ப்ப’ என்கிறார்கள். டுன், ட்ஸு, கா என்று புத்தகத்தில் எழுதியிருந்ததை எங்கள் மிருதங்கத் தம்பி ஒரே மாலையில் படித்து முடித்துவிட்டான். சொற்கட்டு சொல்லிப் பழகிய நாவுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

அச்சும் தாளும் உயர்தரமானவை. கட்டு விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் அப்படியே நிற்கிறது. மாடிக் காற்றில் பாடுகிறவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் ஒரு பிரதியில் டெனருக்கு உரிய நான்கு பக்கங்கள் இரண்டு முறை கட்டப்பட்டு, அடுத்த நான்கு பக்கங்கள் இல்லாமலே வந்தன. விற்றவர்களுக்கு எழுதினோம், ஐந்து வாரம் கழித்து மாற்றுப் பிரதி வந்தது. அதுவரை எங்கள் டெனர் அண்ணன் பக்கத்தில் நிற்பவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்தே பாடினார்.

இதைவிடப் பெரிய குறை, குறிப்புகள் எல்லாம் ஐந்து கோட்டு முறையில் மட்டுமே இருப்பது. நம் ஆலயக் குழுக்களில் டானிக் சோல்ஃபா முறையில் படித்தவர்களே மிகுதி; டோ, ரே, மீ என்று எழுதிக் கொடுத்தால் பார்த்த கணத்தில் பாடிவிடுவார்கள், கோடும் புள்ளியும் கொடுத்தால் தயங்குவார்கள். பத்துப் பாடல்களையும் ஆறு குரலுக்கும் நான் கையால் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு மாதம் போனது. வாங்க நினைப்பவர்கள் இந்த வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மொழி. ஜப்பானியப் பாடலைப் பாட மொழிதான் தடை என்று தொடக்கத்தில் நினைத்தோம். பாடத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், தமிழருக்கு இந்த மொழியைப் பாடுவது ஆங்கிலத்தைப் பாடுவதைவிட எளிது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டோம். அவர்களுக்கும் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்தே உயிர்கள்; அவற்றுக்குக் குறிலும் நெடிலும் உண்டு; குறிலை நெடிலாக்கினால் பொருள் மாறிவிடும். அவர்களுடைய உகரம் இதழ் குவியாமல் ஒலிப்பது. ‘காடு’, ‘பாட்டு’ என்று நாம் முடிக்கும்போது வருகிற குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும், அதற்கு மிக அருகில் வந்துவிடலாம். மெல்லெழுத்தும் அப்படியே: செய்தித்தாளுக்கு அவர்கள் சொல்லும் ‘ஷின்புன்’ என்ற சொல்லின் நடுவில் உள்ள ஒற்று, அடுத்து வரும் எழுத்துக்கு இனமாகி ‘ம்’ என்றே ஒலிக்கிறது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாயே அப்படிச் சொல்லிற்று.

உயிர்கள் இப்படி ஐந்தாக, தெளிவாக நிற்பது கருவியில்லாப் பாட்டுக்குப் பெரிய பலம். ஆறு பேர் ஒரே எழுத்தை ஒரே வாயமைப்பில் பிடித்தால்தான் குரல்கள் ஒன்றோடொன்று கலக்கும். ஆங்கிலப் பாட்டில் ஒருவர் அகரத்தைத் திறந்தும் ஒருவர் மூடியும் சொல்லிக் கலவை கெட்டுப்போவதை நாங்கள் பல முறை பட்டிருக்கிறோம். ஜப்பானியப் பாட்டில் அந்தத் தொல்லை எங்களுக்கு ஏற்படவே இல்லை.

ஆனால் மாத்திரைக் கணக்கில் ஏமாந்தோம். நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அவர்களுடைய கணக்கில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, தனித்து நிற்கும் ஒற்றுக்கும் முழுதாக ஒன்று. ‘ஷின்புன்’ நமக்கு இரண்டு அசை. அவர்களுக்கு ஷி, ன், பு, ன் என்று நான்கு தட்டு. ‘நிப்பொன்’ என்ற சொல்லும் நான்கு தட்டே. ‘ன்’ என்ற அந்த ஒற்றின் மேலேயே ஒரு தனிச் சுரம் எழுதியிருக்கும். அதை மூடிய வாயோடு முழு நேரமும் பாட வேண்டும். நாங்கள் அரை மாத்திரைப் பழக்கத்தில் அதை விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்கு முந்திப் போய் நின்றோம். ஐகாரத்திலும் இதே தவறுதான். ‘குதஸை’ என்ற சொல்லின் கடைசியில் உள்ளதை அவர்கள் ஸ, இ என்று இரண்டு தட்டாகப் பாடுகிறார்கள். நாமோ சொல்லின் இறுதியில் வரும் ஐகாரத்தைக் குறுக்கியே பழகியவர்கள்.

பாட்டு வரிகளைப் புத்தகம் ஜப்பானிய எழுத்திலும் ரோமன் எழுத்திலும் மட்டும் கொடுக்கிறது. நாங்கள் தமிழில் எழுதிக்கொண்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. நடுவில் வரும் வல்லினத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காக மாணவி எல்லா இடங்களிலும் ஒற்றை இரட்டித்து எழுதினாள். ‘வந்து’ என்று பொருள்படும் ‘கிதெ’ என்பதை ‘கித்தெ’ என்று எழுதினால்தான் நாம் அந்தத் தகரத்தை வல்லோசையாகச் சொல்வோம். ஆனால் உண்மையிலேயே ஒற்று இரட்டித்து வரும் ‘கித்தெ’ என்று இன்னொரு சொல் அவர்களிடம் இருக்கிறது. அதற்குத் தபால்தலை என்று பொருள். இரண்டும் தாளில் ஒன்றாகிவிட்டன. கடைசியில், உண்மையான இரட்டிப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவது என்று முடிவு செய்தோம். இந்த மதிப்புரையிலும் பாடல் பெயர்களைச் சற்று இரட்டித்தே எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பாடல்களுக்கு வருகிறேன். தொகுப்பின் முதல் பாடல் ‘உயெ ஒ முயித்தெ அருக்கோ’. ரொக்குசுக்கே எய் எழுதி, ஹச்சிதாய் நகமுரா இசையமைத்து, கியூ சகமோத்தோ 1961-இல் பாடியது. கண்ணீர் வழிந்துவிடாதபடி மேலே பார்த்துக்கொண்டே நடக்கிற ஒருவனின் பாட்டு. மேலைநாடுகளில் இதற்கு ‘சுகியாக்கி’ என்று, பாட்டுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு மாட்டிறைச்சி உணவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. மொழி புரியாத கோடிப் பேரை ஒரு மெட்டு அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு என்ன காரணம் என்பதை முதல் நாள் ஒத்திகையிலேயே அறிந்தோம். நான் மெட்டை டோ, ரே, மீ என்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மிருதங்கத் தம்பி தலையைத் தூக்கி, “அக்கா, இது மோகனம் மாதிரியே கீதே” என்றான்.

அவன் சொன்னது சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியப் பள்ளிகளில் மேற்கத்திய இசையைப் புகுத்தியபோது, அந்த ஏழு சுரங்களில் நான்காவதும் ஏழாவதும் அவர்கள் காதுக்குப் படியவில்லை. அவற்றை நீக்கிவிட்டு எழுதப்பட்ட மெட்டுகளே மக்களிடம் நின்றன. அந்தச் சுரவரிசைக்கு ‘யொனநுகி’ என்று பெயர்: நான்கும் ஏழும் நீக்கியது. சங்கராபரணத்தில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது மோகனம். இந்தப் பாட்டின் மெட்டு பெரும்பாலும் அந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது. கருவியில்லாமல் பாடும்போது சுருதி நழுவுவது பெரும்பாலும் அரைச் சுரத் தாவல்களில்தான். மோகனத்தில் அரைச் சுரம் அடுத்தடுத்து வருவதில்லை. ஆகவே மெட்டுப் பாடுகிறவர் கீழே இறங்கிப்போகும் அபாயம் குறைவு. பாட்டின் நடுப்பகுதியில் மட்டும் டெனர் ஓர் அரைச் சுரம் இறங்கி, மொத்த இசைவும் சற்றே இருள்கிறது. அந்த ஓர் இடம் சரியாக விழுந்தால் பாட்டு முழுவதும் விழும். கடைசியில் வரும் சீழ்க்கையையும் தொகுப்பில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். எங்களில் இருவருக்குத்தான் சீழ்க்கை வந்தது, இருவரே போதும்.

‘த்ஸுபஸ ஒ குதஸை’ 1971-இல் அகாய் தோரி என்ற குழு பாடியது. சிறகு வேண்டும் என்று கேட்கிற இந்தப் பாட்டைப் பின்னாளில் ஜப்பானியப் பள்ளிகளின் சேர்ந்திசைக் குழுக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டன. இந்தத் தொகுப்பைக் கையிலெடுக்கும் குழுக்கள் இதைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மெதுவான தொடக்கம், விரிந்து எழும் பல்லவி, எல்லோருக்கும் எட்டும் வரம்பு; குறை என்று ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

‘ஃபுருஸத்தொ’ 1914-இல் வந்த பள்ளிப் பாட்டு; சொந்த ஊரின் மலையையும் ஆற்றையும் நினைத்துப் பாடுவது. இதைத் திரைப்பாட்டு, மெல்லிசை என்ற கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் தொகுப்பில் இதைச் சேர்த்தவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இசையமைத்த தெய்இச்சி ஒக்கனோ டோக்கியோவில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மூன்று தட்டுத் தாளத்தில் அது நடக்கும் நடையைக் கேட்டதும் எங்கள் பேஸ் பாடும் பெரியவர், “இது நம்ம பாமாலைம்மா” என்றார். ஒத்திகையே தேவைப்படவில்லை என்று சொல்லத்தக்க அளவில் அது எங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வேலூர் ஆலயக் குழு ஒன்று இந்தப் புத்தகத்தை வாங்கினால், முதல் ஞாயிற்றுக்கிழமையே பாடக்கூடிய பாட்டு இதுதான்.

தொகுப்பில் நான் மிகவும் மதிப்பது ‘ஷிம உத்த’. த பூம் என்ற குழுவுக்காகக் கசுஃபுமி மியசவா எழுதி 1992-இல் வெளிவந்தது. மியசவா ஒக்கினாவா தீவுக்காரர் அல்லர். 1945-இல் அங்கே நடந்த போரில் மாண்ட பொதுமக்களின் கதையைக் கேட்டுக் கலங்கி இதை எழுதினார். மெட்டு பெரும்பாலும் ஒக்கினாவாத் தீவுகளுக்கே உரிய சுரவரிசையில் இருக்கிறது: ஸ, க, ம, ப, நி. எங்கள் மாணவி அதைப் பாடிப் பார்த்து, கம்பீரநாட்டையின் அதே ஐந்து சுரங்கள் என்று சொன்னபோது, ஆரம்பத்தில் நான் நம்பவில்லை. பாடிக் காட்டிய பிறகே நம்பினேன். கோயில்களில் சாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டையில் வாசிக்கும் மல்லாரியைக் கேட்டு வளர்ந்த காது அந்த வரிசையை வரவேற்கிறது. ஆனால் மல்லாரி சாமி புறப்படும் மிடுக்கு, இதுவோ கடலைப் பார்த்துக்கொண்டு அழும் குரல். ஐந்து சுரங்கள் ஒன்றாக இருந்தும் நடையும் நிறுத்தமும் மாறினால் எவ்வளவு வேறாகிவிடுகிறது என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். பாட்டின் நடுவில் சாவைச் சொல்லும் இடம் வரும்போது அந்தத் தீவின் சுரவரிசை மறைந்து, பெருநிலத்து ஜப்பானின் சாதாரண சுரவரிசை வந்துவிடுகிறது. இசையமைப்பாளர் அறிந்தே செய்த மாற்றம் அது. தொகுப்பை உருவாக்கியவர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்: அதுவரை ஸன்ஷின் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தைப் போல ‘தென், தென்’ என்று மீட்டிக்கொண்டிருந்த ஆல்டோவும் டெனரும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நீண்ட ‘ஊ’ ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒத்திகையில் அந்த இடத்தைக் கடந்ததும் நாங்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தது உண்டு. 2,400 ரூபாயில் பாதியை இந்த ஒரு பாட்டுக்கே தரலாம்.

‘நத ஸோஸோ’ அதே தெற்குத் தீவுகளின் பாட்டு. இஷிகாக்கித் தீவைச் சேர்ந்த பிகின் குழு இசையமைக்க, ரியோக்கோ மொரியமா, இறந்துபோன தம் அண்ணனை நினைத்து எழுதினார். 2001-இல் ரிமி நட்சுகவா பாடிய வடிவம் புகழ்பெற்றது. பாட்டு மிக நல்ல பாட்டு. ஆனால் இந்தத் தொகுப்பில் குரல்களை அளவுக்கு மீறி அடுக்கியிருக்கிறார்கள். தனியாக ஒருவர் பாட, இரண்டு குரல் மெல்லத் தொட்டுச் செல்ல வேண்டிய இடத்தில் ஐந்து குரலும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாம் சரணத்தில் டெனரையும் சொப்ரானோவையும் நாங்களாகவே நிறுத்திப் பாடினோம். அப்போதுதான் பாட்டு மூச்சுவிட்டது.

‘கவ நொ நகரெ நொ யோ நி’ என்றால் ஆற்றின் ஓட்டம் போல என்று பொருள். ஹிபாரி மிசொரா 1989 ஜனவரியில் இதை வெளியிட்டார். அதே ஆண்டு ஜூனில், 52-ஆம் வயதில் காலமானார். பாலாற்றங்கரைக்காரர்களான எங்களுக்கு ஓடுகிற ஆற்றைப் பற்றிப் பாடுவதில் ஒரு தனி ஏக்கம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கிறோம். மிசொராவின் பாணியில் ‘கொபுஷி’ என்று ஒன்று இருக்கிறது: ஒரு சுரத்தைப் பிடித்து, தொண்டையில் ஒரு சுழற்சி கொடுத்து விடுவது. நம் கமகத்துக்கு உறவு என்று சொல்லலாம், ஆனால் அதைவிடச் சிறியது, சட்டென்று முடிந்துவிடுவது.

இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. மாணவி முதன்மைக் குரல் பாடினாள். மெட்டில் அழகாக அசைவு கொடுத்தாள். அதைக் கேட்டு எல்லோருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஆல்டோவில் நான் ஒரு சிறு அசைவு, டெனரில் அண்ணன் ஒரு அசைவு. அன்று மாலைப் பதிவைக் கேட்டபோது, எங்கள் இசைவு முழுவதும் நீரில் விழுந்த நிழல் போலக் கலங்கிக் கிடந்தது. கமகம் என்பது சுரம் ஒரு புள்ளியில் நில்லாமல் இரண்டு இடங்களுக்கு நடுவே உலவுவது. இசைவு என்பது மூன்று நான்கு சுரங்கள் அசையாமல் நின்று ஒன்றையொன்று தாங்குவது. தாங்குகிறவர்கள் அசைந்தால் மேலே நிற்பவர் எதன் மேல் நிற்பார்? முதன்மைக் குரல் மட்டும் அசையலாம், மற்ற ஐவரும் கோல் ஊன்றியது போல நிற்க வேண்டும் என்று விதி செய்துகொண்டோம். அதன் பிறகு மாணவியின் ஒவ்வொரு அசைவும் துலக்கமாகக் கேட்டது. கர்நாடக இசைப் பழக்கமுள்ள குழுக்கள் இதை முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது.

‘ஹித்தொரி’ 2001-இல் கோஸ்பெல்லர்ஸ் குழு கருவியே இல்லாமல் பதிவுசெய்து வெளியிட்ட பாட்டு. அதாவது தொகுப்பில் பிறப்பிலேயே அகாப்பெல்லாவாக இருப்பது இது. ஐந்து ஆண்குரல்களுக்கு நெருக்கமாக எழுதப்பட்ட இசைவுகளை ஆண், பெண் கலந்த குழுவுக்காக விரித்தபோது அந்த நெருக்கம் போய்விட்டது. ஆண்கள் மட்டுமே உள்ள குழுவுக்கும் இந்தத் தொகுப்பின் வடிவத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அசைபோட்டு அசைபோட்டு மூன்று மாதம் முயன்று விட்டுவிட்டோம்.

‘ஹன வ ஸக்கு’, 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் கடல்கோளுக்கும் பிறகு, 2012-இல் வெளிவந்தது. இசையமைத்த யோக்கோ கன்னோவும் எழுதிய ஷுன்ஜி இவாயும் பாதிக்கப்பட்ட மியாகி மாகாணத்தின் செந்தாய் நகரத்தவர்கள். சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை 2004 டிசம்பரில் எந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோம் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது. ஆகவே எங்கள் மேடையில் இதைக் கடைசியில் வைத்தோம். பல பேர் ஆளுக்கொரு வரியாகப் பாடி, பல்லவியில் ஒன்றுசேர்வதற்காகவே அமைந்த பாட்டு; ஆறு பேருக்கும் தலா ஒரு வரி வருகிறது. எளிது, அழகு, நியாயமான உழைப்பில் கைகூடுவது.

யமஷிதாவின் ‘கிறிஸ்துமஸ் ஈவ்’ 1983-இல் வெளிவந்து, 1989-இல் முதலிடத்துக்கு வந்த பாட்டு. நடுவில் பாகெல்பெல் என்ற பழைய ஜெர்மானிய இசையமைப்பாளரின் கேனன், அதாவது ஒரு குரலை அடுத்த குரல் பின்தொடரும் இசை, முழுக்கக் குரல்களாலேயே எழும்பி வரும். இதை டிசம்பரில் ஆலயத்தில் பாடலாம் என்று ஆசைப்பட்டோம். அந்த நடுப்பகுதிக்கு மட்டும் எட்டுக் குரலாவது வேண்டும். ஆறு குரலுக்குள் அடைத்திருப்பதால் மூச்சு வாங்கவே இடமில்லை. மீதமுள்ள பத்தாவது பாட்டு, 1995-இல் வந்த ‘ஸன்கொக்குன தென்ஷி நொ தேஸெ’. இளைஞர்கள் எல்லோரும் அறிந்த அனிமே பாட்டு. அதன் வேகம் அதன் தாளவாத்தியங்களில் இருக்கிறது, அவை இல்லாதபோது வெறும் அவசரம்தான் மிஞ்சுகிறது.

பழகுவதற்கான ஒலிப்பதிவுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. குரல்கள் தெளிவு, சுருதி மிகச் சுத்தம். ஆனால் வேகத்தைக் குறைத்துக் கேட்க வழியில்லை. அதனால் நாங்கள் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பழகத் தொடங்கினோம். யொனநுகி மெட்டைத் தனியாகப் படிக்கும்போது அது நன்றாகத் துணை நின்றது. எல்லாக் குரலும் சேர்ந்ததும் இடைஞ்சலாகிவிட்டது. இசைவு மத்திமத்தின் மேல் போய் நிற்கும்போது, பின்னால் பஞ்சமம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதுகின்றன. தொடக்கச் சுரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பெட்டியை நிறுத்திவிட வேண்டும். பாட்டு முடிந்ததும் மறுபடி திறந்து, எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஜூலையில் ‘கவ நொ’ பாடி முடிக்கும்போது ஏறத்தாழ ஓர் அரைச் சுரம் இறங்கியிருந்தோம். நவம்பரில் அது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தது. காட்பாடி சந்திப்புக்கு அருகில் பாடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு: நீண்ட ‘ஊ’ பிடித்திருக்கும்போது ரயில் ஊதினால், ஆறு பேரும் அறியாமலே அந்த ஊதலின் சுரத்துக்குச் சாய்ந்துவிடுவோம். புத்தகத்தின் குறையல்ல அது. ஆனால் அதைத் தாங்கி நிற்கப் பழகிய பிறகு அரங்கத்தின் மின்விசிறிச் சத்தம் எங்களை ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி நிகழ்ச்சிக்கு இராணிப்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் வந்தார். முடிந்ததும் மேடைக்கருகில் வந்து, மாணவியின் மூலமாக, சொற்கள் எல்லாம் தமக்குப் புரிந்தன என்றார். பிறகு வலக்கை விரல்களை மடக்கி மடக்கி ஏதோ ஒரு சொல்லை எண்ணிக் காட்டினார். நான்காவது விரல் மடங்கும் இடத்தில் நாங்கள் மூன்றிலேயே முடித்துவிடுகிறோம் என்பது மொழி தெரியாத எனக்கே விளங்கிற்று. அந்த ஒற்றுதான். அவர் அதை மூடிய உதடுகளோடு ஒரு முழுத் தட்டு இழுத்துக் காட்ட, பேஸ் பெரியவர் அங்கேயே நின்று திருப்பிச் சொன்னார். மறுவாரம் எல்லாப் புத்தகங்களிலும் ஒற்றெழுத்துகளின் கீழே பச்சை மையில் கோடு இழுத்தோம்.

ஆகவே என் கணிப்பு இது. நான்கு குரலில் பாடிப் பழகிய குழுவாக இருந்து, ஒருவராவது ஐந்து கோட்டுக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், இந்தத் தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம். முதலில் ‘ஃபுருஸத்தொ’, அடுத்து ‘த்ஸுபஸ’, பிறகு ‘உயெ ஒ முயித்தெ’ என்று எடுத்துக்கொண்டு, குரல்கள் ஒன்றையொன்று நம்பத் தொடங்கிய பிறகு ‘ஷிம உத்த’வைத் தொடுவது நல்லது. புதிதாகப் பாடத் தொடங்குகிறவர்களுக்கும், ஆறு பேருக்குக் குறைவான குழுக்களுக்கும் இது பொருந்தாது. குரல்களைக் குறைத்துப் பாடும் வழி எதையும் புத்தகம் சொல்லவில்லை. வந்ததும் எல்லாப் பிரதிகளின் பக்கங்களையும் எண்ணிப் பார்த்துவிட வேண்டும். நான் கையால் எழுதிய சோல்ஃபாத் தாள்களைப் பிறருக்குக் கொடுக்க அனுமதி உண்டா என்று வெளியிட்டவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே தெரிவிக்கிறேன்.